கோடு, நிறம், புள்ளி: டேப்லெட் ஓவியக் கேள்வி–பதில்

டேப்லெட்டில் வரைபவர்கள் அனுப்பியவற்றில் "எந்த பிரஷ் வாங்கலாம்?" என்ற கேள்விகளை இந்த முறை ஒதுக்கிவிட்டோம். பிரஷ்ஷைக் குறை சொல்லி வந்த கடிதங்களைப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே நடந்திருக்கிறது. பேனா பொருந்தவில்லை, கேன்வாஸ் (வரையும் பரப்பு) அளவு தப்பு, அல்லது லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் பட அடுக்கு) மாறிப்போயிருக்கிறது. இங்கே அவற்றுக்கே இடம்.

ஐபேடுக்கு என்று போட்டிருந்த பேனாவை ஆன்லைனில் வாங்கினேன். அழுத்தினாலும் தடவினாலும் கோடு ஒரே தடிமன்தான். புரோகிரியேட்டில் எந்த செட்டிங்கை மாற்ற வேண்டும்?
— வாசகி, சங்கரன்கோவில்

ஐபேடில் வரையும் செயலியான புரோகிரியேட்டின் செட்டிங்கில் தேடாதீர்கள். அந்தப் பேனாவுக்கு அழுத்தம் தெரியாது.

கடையில் ஒரே தட்டில் கிடந்தாலும் இந்தப் பேனாக்களில் மூன்று சாதி உண்டு. ரப்பர் முனையோ, கண்ணாடிபோல ஒரு வட்டத் தகடோ உள்ளது முதல் வகை. திரையைப் பொறுத்தவரை அது இன்னொரு விரல், அவ்வளவுதான். எந்த டேபிலும் வேலை செய்யும், எதிலும் அழுத்தம் கிடையாது. இரண்டாவது வகை சார்ஜ் ஏற்றும் மாற்று நிறுவனப் பேனாக்கள். ஐபேடில் உள்ளங்கை பட்டாலும் கோடு விழாது, சாய்த்தால் நிழல் தீட்டும். ஆனால் இவற்றில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அழுத்தம் இல்லை. உங்களிடம் இருப்பது இதுவாகத்தான் இருக்கும். மூன்றாவது, டேப் தயாரித்த நிறுவனமே தருவது.

மூன்றாவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ஆப்பிள் பென்சில் முதல் தலைமுறை (2015), இரண்டாம் தலைமுறை (2018), புரோ (2024) மூன்றுக்கும் அழுத்தம் தெரியும். 2023-ல் வந்த யூ.எஸ்.பி.-சி பென்சிலுக்குத் தெரியாது. விலை குறைவு என்று அதை வாங்கிவிட்டு ஏமாறுபவர்கள் நிறைய. குறிப்பெழுதுவதற்கு அது போதும், மை தீட்டுவதற்கு ஆகாது. எந்த ஐபேடுக்கு எந்தப் பென்சில் என்பதும் குழப்பம்தான். ஒன்பதாம் தலைமுறை ஐபேடில் முதல் தலைமுறைப் பென்சில் மட்டும் ஓடும். 2024-ல் வந்த ஏர், புரோ மாடல்களில் இரண்டாம் தலைமுறைப் பென்சில் ஓடவே ஓடாது. பழைய பென்சிலை வைத்துக்கொண்டு புது டேப் வாங்குமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு பக்கம், சாம்சங் எஸ் பென்னுக்கு வரைவதற்கு பேட்டரியே தேவையில்லை. திரைக்கு அடியில் உள்ள தகடு காந்தப்புலம் வழியாக அதற்கு மின்சாரம் தருகிறது. இதிலிருந்தே ஒன்று புரியும்: பேனாவைப் படிக்கும் அமைப்பு உள்ளே இல்லாத டேபுக்கு எவ்வளவு விலையுள்ள பேனா வாங்கினாலும் அழுத்தம் வராது.

இருக்கும் பேனாவை வைத்தே ஓட்ட ஒரு வழி உண்டு. புரோகிரியேட்டில் பிரஷ்ஷைத் தட்டித் திறந்தால் டேப்பர் என்ற பகுதி வரும். அதில் அழுத்தத்துக்கு ஓர் அமைப்பு, தொடுதலுக்கு ஓர் அமைப்பு எனத் தனித்தனியாக இருக்கும். தொடுதலுக்கு உரியதில் இரு முனைகளையும் உள்ளே இழுத்துவிட்டால் கோட்டின் தொடக்கமும் முடிவும் தானே மெலியும். கண், இமை, கூந்தல் இழை போன்ற குறுகிய கோடுகளுக்கு இது போதும். நடுவில் தடித்து மெலியும் நீண்ட கோட்டுக்கு, ஒரே தடிமனில் போட்டுவிட்டு அதே லேயரில் அழிப்பானால் ஓரத்தைச் செதுக்குவதுதான் வழி. கொஞ்சம் பொறுமை வேண்டும்.

மெதுவாகச் சாய்கோடு போட்டால் அலை அலையாக வருகிறது. கை நடுக்கமா, டேபா?
— வாசகர், மட்டக்களப்பு

ஒரு பிளாஸ்டிக் அடிக்கோலைத் திரைமேல் குறுக்காக வையுங்கள். ஸ்டீல் ஸ்கேல் வேண்டாம், திரை அதையும் தொடுதலாக எடுத்துக்கொள்ளக்கூடும். கோட்டின் நடுக்கத்தைச் செயலியே சீராக்கும் ஸ்டெபிலைசரைச் சுழியத்தில் வைத்து, அடிக்கோலை ஒட்டி ஒரு கோடு வேகமாக, ஒரு கோடு மிக மெதுவாக இழுங்கள். வேகக்கோடு நேராகவும் மெதுகோடு சீரான இடைவெளியில் நெளிந்தும் இருந்தால் அது டேபின் குணம். பேனா முனை திரைக்கு அடியிலுள்ள கம்பிகளுக்கு நடுவே போகும்போது இடத்தைத் தோராயமாகக் கணிப்பதால் வருவது. கை நடுக்கம் என்றால் நெளிவு சீராக இருக்காது.

அதே சோதனையைச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுச் செய்து பாருங்கள். மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்பும். கோடு நடுங்கும், சிலசமயம் தொடாத இடத்தில் புள்ளி விழும். சார்ஜரைக் கழற்றியதும் சரியாகிவிட்டால் மாற்ற வேண்டியது சார்ஜர்.

டேபின் குணம்தான் என்று தெரிந்தால் இரண்டு வழி. ஒன்று, பெரிதாக்கி வரைவது: 200 விழுக்காட்டில் வரைந்தால் படத்தில் நெளிவு பாதியாகும். இரண்டாவது ஸ்டெபிலைசர். புரோகிரியேட்டில் பிரஷ்ஷுக்குள் ஸ்ட்ரீம்லைன் என்று இருக்கும். 30 முதல் 50 விழுக்காடு வரை வைக்கலாம். அதற்கு மேல் போனால் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபடும், கூர்மையான திருப்பங்கள் உருண்டுபோகும். முகம் வரையும்போது மூக்கு நுனி மழுங்குவதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் இதைக் கூட்டி வைத்தவர்கள்தான்.

கை நடுக்கம் என்றால் மணிக்கட்டைத் திரையில் ஊன்றாமல் முழங்கையிலிருந்து இழுத்துப் பழகுங்கள். ஸ்டெபிலைசர் அதற்கு மாற்று ஆகாது.

கோயில் திருவிழாவுக்கு 10 அடிக்கு 8 அடி பிளெக்ஸ் வரைந்து தரச் சொல்கிறார்கள். 300 டி.பி.ஐ. வைத்தால் கேன்வாஸ் திறக்கவே மறுக்கிறது. டேப் போதாதா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

அந்த அளவுக்கு எந்த டேபும் போதாது. கணக்கைப் பாருங்கள்: 10 அடி என்றால் 120 அங்குலம், 300 டி.பி.ஐ., அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் (படப்புள்ளி) என்றால் 36,000. மறுபக்கம் 28,800. பெருக்கினால் 103 கோடிக்கு மேல் பிக்சல். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகும் தன்மை என நான்கு பைட். ஆக ஒரே ஒரு லேயருக்கு 4 ஜி.பி.க்கு மேல் நினைவகம் வேண்டும்.

300 என்பது கையில் பிடித்துப் படிக்கும் தாளுக்கான எண். பிளெக்ஸைச் சாலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பார்கள். 72 போதும் என்பது அச்சகங்களில் சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. அதுவும் 8640-க்கு 6912 பிக்சல், லேயருக்கு 240 எம்.பி. அளவில் வரும். நடுத்தர டேபில் சில லேயரோடு நின்றுவிடும். அதில் சரிபாதியாக, 4320-க்கு 3456 பிக்சலில் வரையுங்கள். லேயருக்கு 60 எம்.பி.தான். முடித்த பிறகு அச்சகத்தில் இருமடங்காக்கிக்கொள்ளலாம். சாமி முகத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. பெயர்ப்பட்டியலை மட்டும் படத்தோடு சேர்த்துப் பெரிதாக்காதீர்கள், எழுத்தின் ஓரம் மங்கும். எழுத்தை அச்சகத்தின் கணினியிலேயே போடச் சொல்லுங்கள்.

மற்ற அளவுகளுக்கும் இதே கணக்குதான். 300 டி.பி.ஐ.யில் ஏ4 தாள் 2480-க்கு 3508 பிக்சல், லேயருக்குச் சுமார் 35 எம்.பி.; ஏ3 அதைப்போல இருமடங்கு. புரோகிரியேட் இந்தக் கணக்கைத் தானே போட்டு, டேபின் நினைவகத்துக்கு ஏற்ப லேயர் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டிவிடும். கிரிட்டா என்ற இலவச ஓவியச் செயலி வரம்பு கட்டாது. கேட்டபடி லேயரைத் தந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் திணறும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். எது நல்லது என்று கேட்டால், தடுத்து நிறுத்துவதே மேல்.

இன்னொன்று: சிறிய கேன்வாஸில் வரைந்துவிட்டுப் பிறகு டி.பி.ஐ. எண்ணை மட்டும் 300 ஆக்கினால் ஒரு பிக்சலும் கூடாது. 1000 பிக்சல் அகலப் படம் 300-ல் 8.5 சென்டிமீட்டர்தான் அச்சாகும்.

பக்கெட்டில் நிறம் ஊற்றினால் கோட்டை ஒட்டி வெள்ளையாக மெல்லிய விளிம்பு நிற்கிறது. சிலசமயம் படம் முழுக்க நிறம் பரவுகிறது.
— வாசகி, கோலாலம்பூர்

கோட்டின் ஓரத்தை 800 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள். கறுப்பு சட்டென்று முடிந்து வெள்ளை தொடங்காது. கறுப்பு, அடர் சாம்பல், வெளிர் சாம்பல், பிறகுதான் வெள்ளை. கோடு படிக்கட்டுபோலத் தெரியாமல் இருக்கச் செயலியே சேர்க்கும் சாம்பல் அது. பக்கெட், அதாவது நிறம் நிரப்பும் கருவி, "வெள்ளையை நிரப்பு" என்ற கட்டளையோடு போய், வெளிர் சாம்பலைக் கண்டதும் அதைக் கோடு என்று நினைத்து நின்றுவிடுகிறது. நின்ற இடத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் மிஞ்சும் ஓரிரு பிக்சல்தான் உங்கள் வெள்ளை விளிம்பு.

கோடு ஒரு லேயரிலும், நிறம் அதற்குக் கீழே இன்னொரு லேயரிலும் இருந்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். நிறத்தைக் கோட்டுக்கு அடியில் ஒன்றிரண்டு பிக்சல் நுழைய விடலாம், மேலிருக்கும் கறுப்பு மறைத்துக்கொள்ளும். ஐபிஸ்பெயிண்ட் செயலியில் பக்கெட்டின் அமைப்பில் விரிவாக்க அளவு இருக்கிறது, 2 பிக்சல் வைத்துத் தொடங்குங்கள். கிரிட்டாவில் நிரப்பும் கருவியின் அமைப்பில் குரோ என்ற எண் இதே வேலையைச் செய்யும். புரோகிரியேட்டில் கோட்டு லேயரைத் தட்டி ரெஃபரன்ஸ் (நிரப்பும்போது இந்தக் கோட்டையே எல்லையாக எடு என்று பொருள்) என்பதைத் தேர்ந்துவிட்டு, கீழே உள்ள வெற்று லேயருக்கு வந்து, வலது மேல்மூலையிலிருக்கும் நிறவட்டத்தை இழுத்து வந்து போடுங்கள். விரலை எடுக்காமல் அப்படியே வலப்பக்கம் நகர்த்தினால் நிறம் சாம்பலுக்குள் ஏறுவது கண்ணுக்கே தெரியும். இன்னும் நகர்த்தினால் அணை உடைந்ததுபோல் திரை முழுக்கப் பாயும். அந்த இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்த வேண்டும். புரோகிரியேட் இந்த அளவை அடுத்த முறைக்கும் நினைவில் வைத்திருக்கும். ஆகவே ஒரு படத்தில் கூட்டி வைத்தது அடுத்த படத்தில் வெள்ளமாகிவிடலாம்.

ஆரம்பத்திலேயே பரவினால் கோட்டில் எங்கோ ஓட்டை. கை விரல் நுனி, காது மடல், புடவைக் கொசுவம் சேரும் இடம் இவற்றைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான். அடைத்தால் அழகு கெடும் என்றால், தனி லேயரில் ஓட்டைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு, நிரப்பி முடித்ததும் அந்த லேயரை மறைத்துவிடுங்கள். பக்கெட் எல்லா லேயரையும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும். புரோகிரியேட்டில் ரெஃபரன்ஸ் ஒரே லேயருக்குத்தான் வரும் என்பதால், கோட்டு லேயரைப் படியெடுத்து அந்தப் படியில் குறுக்குக்கோட்டைப் போட்டு, அதையே ரெஃபரன்ஸ் ஆக்குங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த கோட்டோவியத்தில் நிறம் ஊற்றினால் விளிம்பு இன்னும் மோசமாக இருக்கும். சுருக்கப்பட்ட ஜே.பி.ஜி.யில் கோட்டைச் சுற்றி அழுக்குப்போல் புள்ளிகள் படிந்திருக்கும், பக்கெட் ஒவ்வொன்றிலும் முட்டி நிற்கும். அனுப்புபவரிடம் பி.என்.ஜி.யாக, டாக்குமென்ட் என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள்.

புரோகிரியேட்டில் கேலரிக்குப் போய்த் திரும்பினால் அன்டூ ஆகவில்லை.
— வாசகர், திருச்சி

ஆகாது. கேன்வாஸ் திறந்திருக்கும்வரை 250 படிகள் பின்னால் போகலாம். படங்களின் பட்டியலான கேலரிக்குப் போனதும் அவ்வளவும் கலைந்துவிடும். துணிந்து ஒரு மாற்றம் செய்யுமுன் லேயரைப் படியெடுத்து மறைத்து வையுங்கள். இரண்டு விரலால் தட்டினால் ஒரு படி, தட்டி அழுத்தியே வைத்தால் மளமளவென்று பின்னால் ஓடும். கவனக்குறைவாக இரண்டு விரல் திரையில் இருந்தால் அரைமணி நேர வேலை போய்விடும். மூன்று விரல் தட்டினால் திரும்பக் கிடைக்கும், ஆனால் நடுவில் ஒரு கோடுகூடப் போட்டிருக்கக் கூடாது.

சிக்குக் கோலம் வரைய சிமெட்ரி வைத்தால், நடுவில் இழைகள் ஒட்டிக்கொள்கின்றன. புள்ளியும் நடுவில் நிற்பதில்லை. கிரிட்டா பயன்படுத்துகிறேன்.
— வாசகி, கும்பகோணம்

கிரிட்டா என்பது நல்லதாயிற்று. கோலத்துக்கு வேண்டிய கருவி அதில் இலவசமாகவே இருக்கிறது.

முதலில் புள்ளி. ஏழு புள்ளி ஏழு வரிசை நேர்ப்புள்ளிக் கோலம் என்றால் கேன்வாஸை 2400-க்கு 2400 பிக்சல் வையுங்கள், கட்டத்தின் இடைவெளி 300. கட்டக்கோடு மேல் இடது மூலையிலிருந்து தொடங்குவதால் 300, 600 எனப் போய் 2100-ல் ஏழாவது கோடு விழும். நாலாவது கோடு சரியாக 1200-ல், அதாவது நடுவில். ஆறு புள்ளிக் கோலத்துக்கு கேன்வாஸ் 2100. அப்போது மையம் 1050-ல், மூன்றாவது புள்ளிக்கும் நாலாவதுக்கும் நடுவே விழும். அதுவும் சரிதான், இரட்டைப்படைக் கோலத்தில் நடுவில் புள்ளி கிடையாதே. நீங்கள் 2000 அல்லது 3000 என்று முழு எண்ணாக வைத்திருப்பீர்கள், புள்ளி விலகியது அதனால்தான். புள்ளிகளைத் தனி லேயரில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

அடுத்தது இழை ஒட்டுவது. கண்ணாடிப் பிம்பம் வேறு, சுழற்சி வேறு. மிரர் வைத்தால் வலது பக்கத்து வளைவு இடது பக்கம் திரும்பி விழும். இரண்டும் நடுக்கோட்டில் ஒன்றையொன்று தொடும், ஊடே புகாது. பூக்கோலத்துக்கு இது சரி. சிக்குக் கோலங்களில் பலவற்றில் இழை ஒரு கால்பகுதியை விட்டு வெளியேறி அடுத்த கால்பகுதியில் தொடர்ந்து ஓட வேண்டும். கோலத்தைக் கால்வட்டம் திருப்பினால் அப்படியே இருக்கும், கண்ணாடியில் காட்டினால் சுழி மாறிவிடும். இதற்கு வேண்டியது சுழற்சி.

கருவிப்பெட்டியில் மல்டிபிரஷ்ஷைத் தேர்ந்து, கருவி அமைப்பில் வகையை சிமெட்ரி என்று வைத்து, பிரஷ் எண்ணிக்கையை 4 ஆக்குங்கள். பெயர் சிமெட்ரி என்றிருந்தாலும் இந்த வகை செய்வது சுழற்சிதான். மிரர் தனியாக இருக்கிறது. ஸ்னோஃப்ளேக் இரண்டையும் சேர்த்துச் செய்யும். இப்போது ஒரு இழையை இழுத்தால் நாலு இழை ஓடும். நடுப்புள்ளியைச் சுற்றித் தொடங்கி வெளியே போவதைவிட, வெளி ஓரத்து வளைவில் தொடங்கி உள்ளே வருவது எளிது. மையத்துக்கு அருகில் நாலு இழைகளும் நெருங்குவதால், அங்கே தொடங்கினால் எது நம் இழை என்றே தெரியாது. கால்பகுதியின் எல்லையைக் கடக்கும் இடத்தில் பேனாவை எடுக்காமல் இரண்டு புள்ளி தூரம் மேலே ஓட்டிவிடுங்கள். அடுத்த இழை அங்கே அதன்மேலேயே வந்து படியும், சேர்ப்பு தெரியாது.

ஊடுபுள்ளிக்கு, அதாவது "ஏழு புள்ளி நாலு வரை" என்று சொல்வோமே, அதற்கு எண்ணிக்கை 6. இங்கே கட்டம் உதவாது. வரிசைகளுக்கு இடையிலான தூரம் புள்ளி இடைவெளியில் 0.866 பங்குதான்: புள்ளிக்குப் புள்ளி 300 என்றால் வரிசைக்கு வரிசை 260. வாசலில் கண் திட்டத்தில் நடப்பது இதுதான். அதே 2400 கேன்வாஸில், மல்டிபிரஷ்ஷை 6-ல் வைத்துக்கொண்டு, நடுவரிசையில் இடமிருந்து 1500, 1800, 2100 ஆகிய இடங்களில் மூன்று புள்ளி வையுங்கள். அதற்கு மேல் வரிசையில் 1650, 1950. அதற்கும் மேலே 1800. ஆறு புள்ளிதான் வைத்தீர்கள், திரையில் முப்பத்தாறு நிற்கும். மையத்தில் ஒன்று சேர்த்தால் 37. 4, 5, 6, 7, 6, 5, 4 என்று கூட்டிப் பாருங்கள், சரியாக இருக்கும்.

மாக்கோல இழைபோல வேண்டும் என்றால் அழுத்தத்துக்கு மாறாத, 24 பிக்சல் அளவுள்ள உருண்டை பிரஷ் போதும்.

திரையில் மயில் கழுத்து நீலம் மின்னியது. சிவகாசியில் அச்சாகி வந்த காலண்டரில் மைக்கறைபோல் இருக்கிறது. அச்சகத்தின் தவறா?
— வாசகர், விருதுநகர்

திரை வெளிச்சத்தால் நிறம் காட்டுகிறது, தாள் வெளிச்சத்தை விழுங்கி நிறம் காட்டுகிறது. மின்னும் நீலம், கிளிப்பச்சை, பளீர் ரோஸ் மூன்றும் நாலு மை அச்சில் எட்டாத நிறங்கள். கோப்பை சி.எம்.ஒய்.கே.வுக்கு (நாலு மை அச்சு நிறமுறைக்கு) மாற்றும்போது எட்டக்கூடியதில் அருகில் உள்ளதை மென்பொருள் வைக்கிறது. அச்சகத்தைக் குறைசொல்ல முடியாது.

அடுத்த காலண்டருக்குத் தொடக்கத்திலேயே அச்சு நிறத்தில் வரையுங்கள். புரோகிரியேட்டில் புதுக் கேன்வாஸ் உருவாக்கும் இடத்தில் கலர் புரொஃபைல் பகுதியில் சி.எம்.ஒய்.கே.யைத் தேர வேண்டும். ஆர்.ஜி.பி.யில் (திரை நிறமுறையில்) தொடங்கிய படத்தைப் பிற்பாடு உள்ளேயே மாற்ற முடியாது. கிரிட்டாவில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்றாமலே, பார்வை மெனுவில் சாஃப்ட் புரூஃபிங் போட்டு அச்சில் எப்படி வரும் என்று பார்த்துக்கொள்ளலாம். முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, கண்ணுக்கு இதமாக மஞ்சள் காட்டும் இரவு வசதியையும் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

கோப்பை பி.என்.ஜி.யாகக் கொடுத்தால் பாடுபட்டதெல்லாம் வீண். அந்த வடிவத்தில் சி.எம்.ஒய்.கே. நிற்காது. டிஃப் அல்லது பி.எஸ்.டி.யாகக் கொடுங்கள். கோட்டோவியத்தின் கறுப்பு, கறுப்பு மை 100, மற்ற மூன்றும் சுழியம் என்று இருக்கட்டும். நாலு மையும் சேர்ந்த கறுப்பில், அச்சுத்தகடு மயிரிழை விலகினாலும் கோட்டோரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும். இரவு வானம் போன்ற பெரிய இருட்டுப் பகுதிகளுக்கு மட்டும் மற்ற மைகளையும் சேருங்கள். நாலின் கூட்டுத்தொகை பொதுவாக 300 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும், மீறினால் மை காயாமல் அடுத்த தாளில் ஒட்டும். சரியான எண்ணை அச்சகத்திலேயே கேளுங்கள்.

அச்சகத்தில் ஓரம் வெட்டுவதற்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். ஏ3 காலண்டருக்கு அப்படி விட்டால் கேன்வாஸ் 3579-க்கு 5031 பிக்சல்.

காமிக்ஸ் பலூனில் தமிழ் தட்டினால் "கொ" உடைகிறது. நண்பர் தந்த பழைய எழுத்துரு எதுவும் மாறவே மாட்டேன் என்கிறது.
— வாசகர், யாழ்ப்பாணம்

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். யூனிகோடில் (எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்) "கொ" என்பது ககரமும் அதன்பின் ஓர் உயிர்க்குறியும்தான். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் வைப்பது செயலியின் வேலை. அந்த வேலை தெரியாத செயலியில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் புள்ளிவட்டத்தோடு தொங்கும். செயலியின் புதிய பதிப்பை ஏற்றிப் பாருங்கள். கிரிட்டா 2023-ல் வந்த 5.2 பதிப்பில்தான் தன் எழுத்து இயக்கத்தை அடியோடு மாற்றியது. அப்படியும் உடைந்தால், தமிழ் ஒழுங்காக வரும் வேறு செயலியில் வசனத்தைத் தட்டி, பின்னணி இல்லாத பி.என்.ஜி.யாக எடுத்து வந்து ஒட்டுங்கள்.

நண்பர் தந்தது பாமினி வகை எழுத்துருவாக இருக்கும். அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பார்கள், யூனிகோடுத் தமிழின் இடம் காலி. காலி என்றால் செயலி சத்தமில்லாமல் தன் வழக்கமான எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, நோட்டோ எல்லாம் யூனிகோடு, இலவசம், அச்சுக்கும் பயன்படுத்தலாம். பலூனுக்கு பாலூ தம்பி பொருந்தும், ஆனால் கோட்டோவியத்தின் தடிமனைவிட எழுத்து தடித்துவிடாமல் பாருங்கள். கையெழுத்து சுமாராக இருந்தாலும் பலூனுக்குக் கையால் எழுதுவதே எங்கள் விருப்பம். படத்தோடு ஒட்டும், உடையவும் உடையாது.

இடம் போதவில்லை என்று செயலியை அழித்து மறுபடி ஏற்றினேன். படங்களைக் காணோம்.
— வாசகி, சேலம்

புரோகிரியேட், ஐபிஸ்பெயிண்ட் இரண்டும் படங்களைத் தம் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும். செயலி போனால் படமும் போகும். ஐபேடாக இருந்து, அழிப்பதற்கு முந்தைய தேதியில் ஐகிளவுட் பேக்கப் இருந்தால் முழுக் கருவியையும் அந்தத் தேதிக்குத் திருப்பலாம். ஐபிஸ்பெயிண்டில் கிளவுட் சேமிப்பைப் போட்டு வைத்திருந்தீர்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் மீட்க வழியில்லை. இனி இடம் வேண்டும்போது ஐபேட் அமைப்பில் ஆஃப்லோட் என்பதைத் தேருங்கள், செயலி மட்டும் போகும், படங்கள் இருக்கும். வாரம் ஒருமுறை லேயர்களோடு பி.எஸ்.டி.யாக வெளியே எடுத்து வையுங்கள்.

புத்தகம்போல் மடிக்கும் உறை போட்டதிலிருந்து எஸ் பென் திரையின் ஓரத்தில் மட்டும் விலகி விழுகிறது.
— வாசகர், கோவை

உறையிலுள்ள காந்தம். மடித்துப் பின்னால் தள்ளும்போது அது திரைக்கு அடியில் வந்து நிற்கிறது, பேனாவைப் படிக்கும் காந்தப்புலத்தைக் குலைக்கிறது. வரையும்போது உறையைக் கழற்றி வைத்துவிடுங்கள். இதற்காக முனையை மாற்ற வேண்டாம். முனை தேய்ந்து ஒரு பக்கம் தட்டையாகி, திரையில் கீச்சென்று சத்தம் வந்தால் மட்டும், பெட்டியில் வந்த சாமணத்தால் பிடுங்கிப் புதியதைச் செருகுங்கள். தாள்போலச் சொரசொரப்பான ஒட்டுப்படலம் போட்டிருந்தால் அது சீக்கிரமே தேவைப்படும்.